மஞ்சள் நீரில் ஆறாம் தீவு

காஜா பெராங், மலாக்கா
3.2.1957

அன்புள்ள கோகிலா,

நான் சுகம். என் மூக்குக்குத்தான் சுகமில்லை. பின்வீட்டில் பெலாச்சான் காயப்போட்டிருக்கிறார்கள். அழுகின இறாலை உப்புப் போட்டு இடித்து வெயிலில் பரப்பினால் என்ன வாடை வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. "உனக்கு மட்டும் சாமி ரெண்டு மூக்கு வச்சிட்டாரா?" என்று அம்மா திட்டுகிறாள்.

நீ துணியைச் சுருட்டி அனுப்பிய குழாய் முந்தாநாள் வந்தது. நம் ஏழடுக்குப் படத்தின் இரண்டாம் அடுக்கு கசங்காமல் பத்திரமாக இருக்கிறது. குதிரை உயர எறும்புகள் கரையில் வரிசை கட்டி நிற்கின்றன, ஒன்றின் வாயில் படகுக் கயிறு. எங்கிருந்தடி உனக்கு இப்படித் தோன்றுகிறது? மழை நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தீவு தீவாக அலைந்த தன் அயர்லாந்துப் படகோட்டிகளின் கதையைச் சொல்வாரே நம் கான்வென்ட் சிஸ்டர், அவரே இதைப் பார்த்தால் சிலுவைக்குறி போட்டுக்கொள்வார். ஆனால் உன் துணி முழுக்க ஆஸ்பத்திரி லோஷன் நாற்றம். கோபித்துக்கொள்ளாதே. இரண்டு நாள் வெயிலில் தொங்கவிட்டுத்தான் கையால் தொட்டேன்.

தச்சர் சட்டம் செய்து கொடுத்துவிட்டார். துணியைச் செருகி நிறுத்த ஏழு காடி வெட்டியிருக்கிறார், காடிக்கு ஒரு துணி. ஜன்னல் முன்னால் வைத்துப் பார்த்தேன். முன்னால் உன் எறும்புத் தீவு, அதில் நீ வரையாமல் விட்ட ஓட்டை வழியாக என் முதல் அடுக்கின் கடலும் படகும். நான் வரைபடம் நகலெடுக்கும் எங்கள் சர்வே ஆபீஸ் டிரேசிங் துணியின் வெட்டுத் துண்டில் இப்படி ஒரு கடல் கிடக்கும் என்று யார் கண்டது! தமார் பிசினைக் கொஞ்சம் அதிகம் கரைத்தால் துணி இன்னும் கண்ணாடியாகிறது, நீயும் செய்து பார். இதோடு மூன்றாம் அடுக்கு வருகிறது. நான்காவதும் ஆறாவதும் உன்னுடையவை, ஐந்தாவது என்னுடையது. ஏழாவதை நீ திரும்பி வந்த பிறகு இந்த வீட்டு ஜன்னலருகில் உட்கார்ந்து இரண்டு பேருமாக வரைகிறோம். பேச்சு மாறக் கூடாது.

உன்னை நிச்சயம் செய்துவிட்டு மூன்று வருடமாகக் காத்திருக்கும் என் அண்ணன் ஜெயபாலன் சுகம். தலைக்குப் பூசும் வாசனை எண்ணெயைப் பாதி தலையணைக்குப் பூசுகிறான், உறை துவைக்கிறவள் நான். நீ வந்து அந்த வேலையை எடுத்துக்கொள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் படம் வரைந்து கிடக்கப் போகிறோம் என்று நினைத்தால் இந்த நாற்றமெல்லாம் எனக்குப் பொருட்டில்லை.

உன் வழி பார்த்திருக்கும்,
ருக்மணி


டப்ளின்
20.3.1957

என் ருக்குவுக்கு,

நீ தொங்கவிட்ட இரண்டு நாளையும் மன்னித்தேன். எட்டாம் வகுப்பில் என் தண்ணீர்க் குவளையில் வாய் வைக்க மாட்டேன் என்று நாள் முழுக்கத் தாகமாகக் கிடந்தவள்தானே நீ. சுட்டாலும் சங்கு வெண்மை, வெயிலில் காய்ந்தாலும் ருக்கு ருக்குதான்.

இங்கே குளிர் விடவில்லை. வார்டில் ஒரு கிழவர் இருக்கிறார், மேற்குக் கடலில் ஏதோ தீவுக்காரர். முதுகெல்லாம் படுக்கைப் புண். தினமும் நான்தான் கழுவிக் கட்டுகிறேன். வலிக்கும்போதெல்லாம் அவர் கதை சொல்வார், நான் சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்பதற்காக நீட்டிச் சொல்வார். சிஸ்டர் சொன்ன அதே அலைச்சல் கதைகள்தான், ஆனால் இவர் சொல்வதில் ஈரம் அதிகம். ஒரு தீவில் ஒரு மிருகமாம். தோல் அசையாமல் நிற்குமாம், உள்ளே சதையும் எலும்பும் மட்டும் திரிகைபோல் சுற்றுமாம். பிறகு சதை நிற்குமாம், தோல் சுற்றுமாம். படகில் இருந்தவர்கள் அதைப் பார்த்து வாந்தி எடுத்தார்களா என்று கேட்டேன். "வாந்தியெடுக்க நேரம் ஏது பெண்ணே, துடுப்பல்லவா போட வேண்டும்" என்றார்.

அந்த மிருகத்தைத்தான் நான்காம் அடுக்கில் வரைந்திருக்கிறேன். அதன் வயிற்றை வரையாமல் விட்டிருக்கிறேன். சட்டத்தில் மாட்டினால் உன் மூன்றாம் அடுக்கின் அலைகள் அதற்குள் சுற்றுவதுபோல் தெரிய வேண்டும். தெரிகிறதா என்று எழுது.

முதல் மாதம் நானும் உன்னைப்போலத்தான் இருந்தேன், ருக்கு. மலக்கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சை அடக்கி ஓடுவேன். ஒருநாள் மூச்சை விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அக்டோபரில் நர்ஸ் படிப்பின் கடைசிப் பரீட்சை. தேறிவிட்டால் ஊருக்கு வந்து இதே வேலையைத்தான் பார்ப்பேன். கல்யாணத்துக்குப் பிறகும் பார்ப்பேன். உன் அண்ணனுக்கு இதை எழுதி நான்கு மாதம் ஆகிறது. பதிலே இல்லை. அவர் வாயிலிருந்து என்ன வந்தது என்று நீயாவது எழுது.

உன்
கோகிலா


காஜா பெராங்
28.5.1957

அன்புள்ள கோகிலா,

மிருகம் வந்து சேர்ந்தது. பாவி, தூக்கத்தில்கூட வருகிறது. நீ கேட்டபடியே வயிற்றில் அலை சுற்றுகிறது. கம்போங் செட்டியிலிருந்து என் தோழி பாக்கியலட்சுமி வந்தாள். நம் கதையெல்லாம் அவளுக்குத் தெரியாது, மலாய் பேசும் செட்டி வீட்டுப் பெண், தமிழும் தெரியாது. சட்டத்தின் முன்னால் நின்று மலாயிலேயே "இது உயிரோடு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தாள். இதைவிட வேறென்ன பாராட்டு வேண்டும்?

ஊரெல்லாம் ஒரு புதுக் காய்ச்சல். சிங்கப்பூரிலிருந்து வந்ததாம். ஆபீசில் பாதி நாற்காலி காலி. நம் வீட்டில் அண்ணன் பத்து நாள் படுத்துவிட்டான். வாளியை நீட்டுவதற்குள் வாந்தி, பாயெல்லாம். நான்தான் அள்ளினேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அள்ளினேன். உன்னை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். என்னையே நினைத்துக்கொண்டு அழுதேன்.

சுதந்திரம் வருகிறதென்று தெருவுக்குத் தெரு வளைவு கட்டுகிறார்கள். மூங்கிலும் காகிதமும். மழை பெய்து சாயம் ஒழுகி எல்லாருடைய சட்டையிலும் வழிகிறது.

அண்ணன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான். வேலைப் பளு, அதனால்தான் எழுதவில்லை. ஒரே ஒரு விஷயம். ஆஸ்பத்திரியில் நீ என்ன செய்கிறாய் என்று அம்மா அடிக்கடி கேட்கிறாள். மருந்துச் சீட்டு எழுதுகிற வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் இனி எழுதும்போது கிண்ணம், புண் இதையெல்லாம் விட்டுவிடு. கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் நன்மைக்காகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஐந்தாம் அடுக்கு தனிக் குழாயில் வருகிறது. ஆளெண்ணிக்கை மீறிப் படகில் தாவி ஏறினவனை வரைந்திருக்கிறேன். அவனை ஏதாவது ஒரு தீவில் விடாமல் படகு வீடு போய்ச் சேராது என்று சிஸ்டர் சொல்வாரே, அவன்தான்.

அன்புடன்,
ருக்மணி


டப்ளின்
18.7.1957

ருக்மணிக்கு,

ஐந்தாம் அடுக்கு வந்தது. தாவி ஏறினவனுக்கு முகம் வைக்காமல் விட்டிருக்கிறாய். முகம் தெரியாமல் இருப்பது நல்லதுதான். நீயும் உன் கடிதத்தில் ஒருவர் முகத்தை மறைத்துத்தானே எழுதியிருக்கிறாய்.

மருந்துச் சீட்டு எழுதுகிறேனாமே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான் மறைத்து வைக்க வேண்டிய வேலை எதையும் செய்யவில்லை. உங்கள் வீட்டுக்கு மருமகளாக வருவதற்குப் பொய்யோடுதான் வர வேண்டும் என்றால் அதை உன் அண்ணனே என்னிடம் சொல்லட்டும். அவர் என்ன சொன்னார், ருக்கு? உள்ளதை உள்ளபடி எழுது. உன் எழுத்தில் இதுவரை நான் சந்தேகப்பட்டதில்லை. இப்போது படுகிறேன், அது எனக்குப் பிடிக்கவில்லை.

தீவுக்காரக் கிழவர் சென்ற செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். சொந்தம் என்று யாரும் வரவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன். முதுகு ஆறியிருந்தது. நான்கு மாதம் நான் கட்டிய புண், சாகிற அன்று ஆறியிருந்தது. அறைக்கு வந்து கையைக் கழுவிவிட்டு அப்படியே உட்கார்ந்து ஆறாம் அடுக்கை வரைந்தேன். நூறு வருடம் அலைந்துவிட்டு ஊர்க் கரையைக் கண்டதும் ஒருவன் படகிலிருந்து குதிப்பான், கால் மண்ணில் பட்டதும் சாம்பலாகிவிடுவான். அவர் கடைசியாகச் சொன்ன கதை. கரையில் நிற்கிறவர்களுக்கு நம் மலாக்காக்காரர்கள் முகம் வைத்திருக்கிறேன். குதிக்கிறவனுக்கு அவர் முகம்.

இதுவரை வரைந்ததில் இதுதான் என் கைக்குப் பிடித்தது. பத்திரம்.

கோகிலா


காஜா பெராங்
4.9.1957

கோகிலா,

விமானத் தபாலில் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்தாலும் சரி, முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

உன் குழாய் வெள்ளிக்கிழமை, சுதந்திரத்துக்கு முதல் நாள் வந்தது. வீடு கழுவி, கோலம் போட்டு, அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் குழாயைத் திறந்ததும் அண்ணன் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டான். கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தான், ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிரிப்பு. குளிப்பாட்டினேன் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாவுத் தீட்டைத் தபால்ல அனுப்பியிருக்காளே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் சொன்னதை நீ உள்ளபடி கேட்டாய். இதோ: "வெள்ளைக்காரன் பீ மூத்திரம் அள்ளுன கை. அந்தக் கையால சோறு போட்டா நான் எப்படிம்மா திங்கிறது? வரட்டும். ஐயரைக் கூப்பிட்டுக் கோமியம் தெளிச்சு, வேலையை விட்டுட்டேன்னு சாமி முன்னால சத்தியம் வாங்கிட்டுத்தான் தாலி." இது புதிதாகச் சொன்னதில்லை, கோகிலா. ஜனவரியிலிருந்து சொல்கிறான். உன் கடிதங்களைக் காப்பிக் கடைக்கு எடுத்துப்போய்க் கூட்டாளிகளிடம் படித்துக் காட்டுகிறான் என்பதும் எனக்குத் தெரியும். பத்து நாள் அவன் வாந்தியை அள்ளினேனே, அந்தக் கையால்தான் இன்றுவரை சோறு தின்கிறான். சொல்லியும் காட்டினேன். "நீ வீட்டு மனுசி லா, அது வேற" என்றான். அவன் சாப்பிடும் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசுகிறது.

எல்லாம் தெரிந்தும் ஏன் மறைத்தேன்? நீ இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். உண்மை தெரிந்தால் நீ வரமாட்டாய். அவனை நீ கட்டிக்கொண்டு நரகத்தில் கிடந்தாலும் பரவாயில்லை, பக்கத்து அறையில் கிடந்தால் போதும் என்றிருந்தேன். எழுதும்போதே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

இன்னும் இருக்கிறது. அம்மா, "மஞ்சத் தண்ணியில முக்கி எடுடி" என்றாள். அண்டாவில் மஞ்சள் கரைத்து வைத்தாள். முக்கியது அம்மா இல்லை. நான். ஆபீசில் டிரேசிங் துணியில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் ஊரைக் கூட்டுகிறவள் நான். மேலே பூசிய கஞ்சி கரைந்தால் அது வெறும் மல்லுத் துணி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? முக்கினேன். மை கரைந்தது, எண்ணெய்ச் சாயம் வெடித்துச் செதில் செதிலாகத் தண்ணீரில் மிதந்தது. கிழவரின் முகம் முதலில் போயிற்று. அம்மாவுக்குப் பயந்து செய்தேன் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். பயமில்லை. பிணத்தைத் தொட்ட கையோடு நீ வரைந்தது என்று படித்ததும் எனக்கே அதைத் தொட அருவருப்பாக இருந்தது. அண்ணனுக்கு வந்த அதே அருவருப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

கொடியில் தொங்கியதைப் பாக்கியலட்சுமி பார்த்துவிட்டு "சாயாங் லா, ருக்மணி" என்றாள். பாவம், வீணாய்ப் போயிற்றே என்று. மறுநாள் சுதந்திரத்துக்கு ஊரே கூடி ஏழு தடவை 'மெர்டேக்கா' என்று கத்தியது. நான் போகவில்லை.

அவனைக் கட்டிக்கொள்ளாதே. இந்த வீட்டுக்கு வராதே.

ருக்மணி


டப்ளின்
16.9.1957

ருக்மணிக்கு,

உன் அண்ணனுக்கு நான்கு வரி எழுதிவிட்டேன். நிச்சயப் புடவையும் மோதிரமும் மூவாரில் என் மாமா வீட்டில் இருக்கின்றன. அவர் கொண்டுவந்து ஒப்படைப்பார். இந்த விஷயம் இவ்வளவுதான்.

உன் விஷயம் இவ்வளவு இல்லை. ஜெயபாலனை எனக்குத் தெரியாது. நிச்சயத்தன்று இரண்டு நிமிடம் பார்த்தேன். உன்னைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அவர் பேசியதற்கு எனக்கு அழுகை வரவில்லை. நீ முக்கியதற்கு வார்டு சமையலறையில் நின்று அழுதேன். ஒரு மனிதர் இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே முகம் அது.

உன்மேல் நீயே காறித் துப்பிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. புண்ணைப் பார்த்து மயங்கி விழுகிற மாணவிகளை நாங்கள் வார்டுக்கு வெளியே உட்கார வைத்துவிடுவோம். அவர்களால் நோயாளிக்கு ஒரு உதவியும் கிடையாது.

பரீட்சை தேறினால் டிசம்பரில் கப்பல். மலாக்காவுக்கு வரமாட்டேன். சிரம்பான் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சயரோக வார்டில் இடம் சொல்லியிருக்கிறார்கள். அங்கே குவார்ட்டர்சில் இருப்பேன், விலாசம் பிறகு அனுப்புகிறேன். நீ வருவதானால் சட்டத்தையும் எல்லா அடுக்குகளையும், அந்த மஞ்சள் துணியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வா. நான் வார்டிலிருந்து வந்து சமைப்பேன். என் கையால் பிசைந்து உன் கையில் உருண்டை வைப்பேன். சாப்பிட்டால் ஏழாவதைப் பற்றிப் பேசலாம். முடியாதென்றால் வராதே, வராததற்குக் காரணம் எழுதிக்கொண்டும் இருக்காதே.

கோகிலா


காஜா பெராங்
4.3.1958

அன்புள்ள கோகிலா,

உன் குவார்ட்டர்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். சேர்ந்தேன் என்று மட்டும் எழுதிவிட்டு இந்தக் கடிதத்தை முடித்திருக்கலாம். முடியவில்லை.

ஜெயபாலனுக்குப் பெண் பார்த்தாயிற்று என்று நானாகச் சொன்னதற்கு "நல்லது" என்றாய். மஞ்சள் துணியைச் சட்டத்தின் ஆறாவது காடியில் நீயே மாட்டினாய். தொங்கிப்போய், நடுவில் கறைக்கோடு விழுந்து, பழைய கரித்துணிபோல் இருந்தது. எடுத்துவிடேன் என்றேன். "அதுதான் ஆறாவது" என்றாய். பின்னாலிருந்த தீவுகளில் பாதியை அது மறைத்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று நான் சொல்லாததை நீ கவனித்தாய் என்று நினைக்கிறேன்.

பிறகு சாப்பாடு. சோறும், கத்தரிக்காய்க் குழம்பும். வார்டிலிருந்து வந்து சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் விரல் நுனியெல்லாம் லோஷனில் வெளுத்து வெடித்திருந்தது. பிசைந்து வைத்தாய். எட்டு உருண்டை. எட்டையும் விழுங்கினேன். மஞ்சள் தண்ணீர் விஷயத்துக்குப் பிறகு நீ முதல் தடவையாக "ருக்கு" என்றாய், மோர் ஊற்றினாய். எனக்கு அழுகை வந்ததை நீ தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பஸ் சிரம்பானைத் தாண்டுவதற்குள் எனக்கு முடியவில்லை. கண்டக்டரிடம் மணியடிக்கச் சொல்லி இறங்கி, ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். எட்டு உருண்டையும். பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா, "புள்ளைத்தாச்சியா இருக்கும்" என்றாள். கத்தரிக்காய்மேல் பழி போடலாம் என்று மலாக்கா வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். போடமாட்டேன். உன் கையைத்தான் நினைத்தேன், அந்த வார்டை நினைத்தேன். மனது வேண்டாம் வேண்டாம் என்கிறது, வயிறு கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் ஊட்டி வளர்த்த வயிறு. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திருந்துமா?

இதை எழுதாமல் விட்டிருந்தால் நாம் பழையபடி ஆகியிருப்போம். நீ ஏழாவதைப் பற்றி எழுதியிருப்பாய், நானும் மையும் பிசினும் வாங்கிக்கொண்டு ஓடி வந்திருப்பேன். ஆனால் அதுவும் இன்னொரு மருந்துச் சீட்டு வேலையாகியிருக்கும். உன்னிடம் இனி அப்படி இருக்க மாட்டேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு திரும்ப வருகிறேன். படம் வரைய இல்லை, சாப்பிட. மறுபடி நீயே பிசைந்து வை. மறுபடி வாந்தி எடுத்தாலும் எடுப்பேன், அதற்கடுத்த மாதமும் வருவேன். வராதே என்று சொல்வதானால் இப்போதே ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. பதில் வரவில்லையென்றால் பஸ் ஏறிவிடுவேன்.

ருக்மணி